மலையில் பெயர் சொல்லக் கூடாது

மாலை மூன்று நாற்பதுக்கு, கழுகுமலைப் பாறையின் சூடு செருப்பையும் தாண்டி உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், நான் என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். கூப்பிட்ட கையோடு கைபேசியில் மணி பார்த்ததால் நேரம் இவ்வளவு திட்டமாக நினைவிருக்கிறது. கீழே இறங்கிக் கோவில்பட்டிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அவள் பதில் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளை, பாறைக்கு அந்தப் பக்கம் நிழலில் நிற்பாள் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் உரக்க "யாழினீ" என்றேன். பாறை என் குரலை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, என்னிடமே திருப்பிக் கொடுத்தது.

இது நடந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. இப்போதும் அவள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கிறேன். "என்னம்மா" என்ற சத்தம் வந்த பிறகுதான் கையிலிருக்கும் வேலை ஓடுகிறது. அன்று ஏன் அந்தச் சத்தம் வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால், நான் அவள் வயதில் இருந்த காலத்துக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல். பருத்தி, உளுந்து, மிளகாய். நாயை விரட்ட ஒரு கல் தேடினால்கூட எளிதில் அகப்படாது. எங்களுக்குத் தெரிந்த கல் எல்லாம் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லையில் துணி துவைக்கும் கல்லும்தான். மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும் மண்ணிலேயே நடந்து பழகிய எங்களுக்கு, ஒரே கல்லாக எழுந்து நிற்கும் அந்த மலை அயல்நாடு மாதிரி. பங்குனி உத்திரத்துக்குத் தேர் பார்க்க ஊரே கிளம்பும். டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் சாக்கு விரித்து, பிள்ளைகளை நெருக்கி உட்கார வைப்பார்கள். தேர் முடிந்து இரவு அடிவாரத்திலேயே படுத்துக்கொண்டு, மறுநாள் விடிந்ததும், வெயில் ஏறும் முன் மலைக்கு ஏறுவோம். மலை மேலே பாறையை வெட்டிச் செய்த கோயிலையும், பாறைச் சுவரில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் சமணச் சிற்பங்களையும் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள் என்பதோ, அவை எத்தனை நூற்றாண்டுப் பழையவை என்பதோ எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவை எங்களுக்கு "வரிசைச் சாமி". "அவிய கண்ண மூடி உக்காந்திருக்காவ, கத்திக் கித்தி எழுப்பிராதீக" என்பார்கள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த வரலாறு.

படி தொடங்கும் இடத்தில் என் சின்ன அத்தை எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்திவிடுவாள். அப்பாவின் கடைசித் தங்கை அவள். வாய் பெரிது, ஆள் சிறிது. "இன்னைக்கு ஒருத்தருக்கும் பேரு கெடையாது. பேரு கீழயே கெடக்கட்டும், எறங்கும்போது எடுத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவர் தலையிலும் கையை வைத்து "மலைப்பேர்" வைப்பாள்.

"ஏலே, நீ குலுக்கை." அது தானியம் கொட்டி வைக்கும் மண் கூடு, பெரியப்பா மகன் மாரிமுத்துவின் வயிறும் அப்படித்தான் இருக்கும். "ஏட்டி கறுத்தவளே, நீ உளுந்தம்பொட்டு." அது நான். "நீ பருத்திக்கொட்டை. நீ ஏம்ல சிரிக்க? சிரிக்கவன் பேரு ஓட்டப்பல்லு."

"அத்தை, ஒங்களுக்கு என்ன பேரு?" என்று என் அண்ணன் ஒருமுறை கேட்டான்.

"எனக்கா? ஒங்க மாமா தெனம் ஒரு பேரு சொல்லித் திட்டுதாவளே, அதுல ஒண்ணை எடுத்துக்கோ."

பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார்.

மலையில் ஏன் பெயர் சொல்லக் கூடாது என்பதற்கு எங்கள் ஊரார் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அந்தக் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மலையைச் சுற்றிலும் ஆழமாக வெட்டி எடுத்து, நடுவில் விட்ட பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து, மேலே அத்தனை அழகையும் முடித்துவிட்டு, அடிப்பாகத்தை அப்படியே கரட்டுக் கல்லாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் எங்களை வரிசையாகக் குத்தவைத்து, அத்தை குரலைத் தாழ்த்திச் சொல்லுவாள்: "ஆளு பத்தல. அதான் வேலை நின்னுபோச்சு. இன்னைக்கும் ஆளு கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்காவ. ஒம்பேரு தெரிஞ்சிதுன்னு வையி, பேரைச் சொல்லிக் கூப்பிடுவாவ. 'என்ன'ன்னு ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சது, உளியைக் கையில குடுத்துருவாவ. கோயிலை முடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வரணும். பெத்தவ குரல்லயே கூப்பிடும், பாத்துக்க. ஏமாந்துராத."

"முடிக்க எத்தனை நாள் ஆகும் அத்தை?"

"அது தெரிஞ்சா நானே போய் முடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்க மாட்டனா? ஒங்க மாமா வீட்டு வேலைக்கு அது தேவலை."

பயந்தோம், ஆனால் அந்தப் பயத்தைச் சுற்றிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். ஒரு வருடம் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் தன் குடும்பத்தோடு மலைக்கு வந்திருந்தார். வழக்கம் தெரியாத மனிதர். தூரத்தில் மாரிமுத்துவைப் பார்த்துவிட்டு, வகுப்பில் கூப்பிடுகிற அதே குரலில் "மாரிமுத்து" என்றார். இவன் பழக்கதோஷத்தில் துள்ளி எழுந்து, "உள்ளேன் ஐயா" என்று கத்திவிட்டான். அந்தச் சத்தம் பள்ளத்துக்குள் விழுந்து, "உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா" என்று எதிரொலித்தது. பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். மாரிமுத்துவின் முகம் சாம்பலாகிவிட்டது. அத்தை மட்டும் அசரவில்லை. கீழே கிடந்த ஒரு சல்லிக்கல்லை எடுத்து அவன் கையில் கொடுத்து, காலடியில் கிடந்த உதிரிக் கல் ஒன்றில் நாலைந்து தட்டுத் தட்டச் சொன்னாள். பிறகு பள்ளத்தைப் பார்த்து, "பாத்துக்கிட்டீகளா? எங்க வீட்டு ஆளு வேலை செஞ்சாச்சு. இனிமே இவனைக் கூப்பிடப்பிடாது, ஆமா" என்று உரக்கச் சொன்னாள். பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். விஷயம் தெரிந்து வாத்தியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் இறங்கும்போது, படியில் தாவிக்கொண்டிருந்த அவனைப் பார்த்து அவரே, "ஏல குலுக்கை, பாத்து எறங்கு" என்றார்.

மலைப்பேரோடு இருந்த அந்தப் பகல்களில் எனக்கு வேறொரு சுகமும் இருந்தது. ஊரில் என் பெயரைச் சொல்லி எத்தனையோ அதட்டல்கள் உண்டு: குதிக்காதே, பல்லைக் காட்டாதே, பொம்பளப்பிள்ளையா லட்சணமா இரு. அவற்றில் ஒன்றும் மலைக்கு ஏறி வந்ததில்லை. உளுந்தம்பொட்டு எங்கே ஓடினாள், எங்கே ஒளிந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. சிற்பப் பாறைக்கு அப்பால், சாய்ந்து நிற்கும் இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு உண்டு. கண்ணாமூச்சி விளையாட்டில் அது என் இடம். நடுப்பகலிலும் பானைத் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருக்கும். முதுகைப் பாறையில் ஒட்டிக்கொண்டு நின்றால், வெளியே "ஏ உளுந்தம்பொட்டு, எங்கட்டி இருக்க" என்று தேடுகிற குரல்கள் கேட்கும். மூச்சை அடக்கிக்கொண்டு, யாருமாக இல்லாமல் இருப்பேன்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. அத்தை குடும்பம் பிழைப்புக்குத் திருப்பூர் போனது. பிள்ளைகள் நாங்கள் படித்து ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தோம். கிராமத்திலிருந்து உத்திரத்துக்குப் போகிறவர்கள் காரில் போய்த் தேரைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுகிறார்கள். மலையிலும் கம்பி வேலி வந்தது, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பலகை வந்தது, காவலுக்கு ஆள் வந்தார். வேலியை நான் குறை சொல்ல மாட்டேன். யார் யாரோ வந்து, கண்மூடி உட்கார்ந்திருப்பவர்களின் பாறையிலேயே தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் ஆணியால் கீறி, பெயின்டால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாயால் சொல்லவே நாங்கள் பயந்த இடத்தில் இத்தனை பெயர்கள்.

எனக்குப் பிறந்த ஒரே பிள்ளைக்கு, தூங்க வைக்கிற நேரத்திலெல்லாம் நான் சொன்னது இந்த மலையைத்தான். குலுக்கை கதையை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள். "உள்ளேன் ஐயா" வரும்போது அவளே கத்துவாள். நேரில் காட்டுங்கள் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். நானும் மனதுக்குள் ஏங்கிக்கொண்டுதான் இருந்தேன். என்னிடம் அவளுக்குக் கொடுக்க நிலம் கிடையாது, ஊரில் வீடும் கிடையாது, இந்த மலை ஒன்றுதான் இருந்தது. என் கணவருக்குச் சனிக்கிழமையும் அலுவலகம். அதனால் நானும் அவளும் மட்டும் கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் போனோம்.

படி தொடங்கும் இடத்தில் அவள் நின்றுகொண்டாள். "எனக்கு மலைப்பேர் வைங்கம்மா."

நான் அப்போது கைபேசியில் அலுவலகக் குழுவுக்கு ஏதோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன். நிமிராமலே வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அதையே முணுமுணுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படி ஏறினாள். என் அத்தை எங்கள் தலையில் கை வைத்து, முகத்தை உற்றுப் பார்த்துத்தான் பெயர் வைப்பாள் என்பது எனக்கு அப்போது நினைவில்லை.

மேலே காவலர் அண்ணாச்சி, "ஓரத்துக்குப் போகாதீங்கம்மா, பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பினார். பள்ளத்தைக் காட்டினேன், ஆள் பத்தாமல் நின்ற வேலையைக் காட்டினேன். அவள் கண் அகலப் பார்த்துக்கொண்டு, "இப்பவும் கூப்பிடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். "கூப்பிடுவாங்க" என்றேன், அத்தை மாதிரியே குரலைத் தாழ்த்தி. நான் ஒளிந்த இடம் எது என்று கேட்டாள். வேலிக்கு அப்பால் கையைக் காட்டினேன். பிறகு ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து, அதுவரை எடுத்த படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். தலையை நிமிர்த்தியபோது பக்கத்தில் அவள் இல்லை.

மூன்று நாற்பதிலிருந்து என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. பள்ளத்தின் விளிம்புக்கு ஓடிப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கீழே வெயில் மட்டும் கிடந்தது. மறுபக்கச் சரிவுக்கு ஓடினேன். காவலர் அண்ணாச்சி விசில் ஊதிக்கொண்டு வந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலர், படம் எடுப்பதை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, "யாழினி பாப்பா, யாழினி" என்று கூப்பிட்டார்கள். கணவருக்குப் போன் செய்தேன். "பிள்ளையைக் காணோம்" என்றேன். "வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நான் பெயரைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அது கூப்பாடாகவும் இல்லாமல் அழுகையாகவும் இல்லாமல் தொண்டையில் அறுந்து போனது. மலை முழுக்க என் மகளின் பெயர் சுற்றிக்கொண்டிருந்தது.

காவலர் என் பக்கத்தில் வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கோவிச்சுக்காதீங்கம்மா. பிள்ளைக்குக் காது நல்லாக் கேக்கும்லா?"

கேட்கும். நன்றாகக் கேட்கும். அடுத்த அறையில் மிட்டாய்க் காகிதம் பிரித்தால் கேட்கும். அந்தக் கேள்விதான் என்னை நிறுத்தியது. இத்தனை குரலும் கேட்டுக்கொண்டு, ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் இருக்கிறது என்றால், பதில் சொல்லக் கூடாது என்று அதற்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெற்றவள் குரலிலேயே கூப்பிடும், ஏமாந்துவிடாதே என்று சொல்லியிருக்கிறார்கள்.

மலைப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடுவாள். எனக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை. எத்தனை முயன்றாலும் கைபேசித் திரையில் நான் அடித்துக்கொண்டிருந்த செய்திதான் கண்ணில் நின்றது. வேறு வழியில்லாமல், தெரிந்த பெயரையெல்லாம் கத்தினேன். "குலுக்கை! பருத்திக்கொட்டை! ஓட்டப்பல்லு! ஏட்டி, உளுந்தம்பொட்டு!" கல்லூரிப் பெண் ஒருத்தி ஓடிவந்து என் தோளைப் பிடித்து, "ஆன்ட்டி, கொஞ்சம் உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றாள், எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். காவலர் மட்டும் என்ன புரிந்துகொண்டாரோ, தன் பங்குக்கு, "ஏ பருத்திக்கொட்டை, எங்கன இருக்க" என்று குரல் கொடுத்தார். நான் காய்கறிப் பெயர்களுக்கு இறங்கிவிட்டேன். கத்தரிக்காய், சுரைக்காய், வெண்டைக்காய்.

"எம்பேரு அதுல எதுவுமே இல்ல."

வேலிக்கு அப்பால், சாய்ந்த பாறைகளின் நடுவிலிருந்து யாழினி வெளியே வந்து நின்றாள். பள்ளத்தையே நினைத்துப் பயந்துகொண்டிருந்த எனக்கு அந்த இடம் தோன்றவே இல்லை. முட்டி சிராய்த்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாக இருந்தது. கோபமாக இருந்தாள். "சீனிக்கிழங்கு. நீங்கதான வச்சீங்க."

அவளை வேலிக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காவலர் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்று, "அங்கிட்டுப் போகப்பிடாதுன்னு போர்டு போட்டிருக்குல்லா பாப்பா" என்றார். "போர்டு படிச்சேன் மாமா. அம்மா ஒளிஞ்ச எடம் அங்கதான இருக்கு" என்றாள் அவள்.

கொஞ்ச நேரம் கழித்து, என் சேலையைப் பிடித்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்: "உங்க குரல் மாதிரியே இருந்துச்சும்மா. அப்புறம் நீங்க அழுற மாதிரியே அழுதுச்சு. நான் காதைப் பொத்திக்கிட்டேன்."

"அப்புறம் எப்படி நான்தான்னு தெரிஞ்சது?"

"மலைன்னா பேரு கரெக்டாத் தெரிஞ்சிருக்கும். உங்களுக்குத்தான் மறந்துபோகும்."

கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளை மடியிலிருந்து மட்டும் இறக்கவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது யோசித்தேன். எங்கள் காலத்தில் அந்தப் பயத்தை வைத்திருந்தது ஒரு கூட்டம். பயமுறுத்தியவளே பயம் தீர ஒரு சல்லியையும் எடுத்துக் கொடுத்தாள். தப்பித்தவறிப் பெயர் சொன்னால் சரிசெய்ய ஆள் இருந்தது, மலைப்பேரை மறந்தால் எடுத்துச் சொல்லப் பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த டிரெய்லர் நிறைய இருந்த ஆட்களில் இன்று அத்தைக்குச் சரியாகக் காது கேட்பதில்லை. திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். மாரிமுத்து கயத்தாற்றில் லாரி வைத்திருக்கிறான். போனில் குலுக்கை என்று கூப்பிட்டால் பக்கத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கூச்சப்படுகிறான். பாறையும் கோயிலும் வரிசைச் சாமிகளும் இன்னொரு கீறல் விழாதபடி காவலில் இருக்கின்றன. அங்கே ஏறும்போது எப்படிக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் யாரும் இல்லை. எல்லோரும் சேர்ந்து சுமந்ததை, நான் ஒருத்தி, தூக்கம் வரும் நேரத்தில், ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கி வைத்திருக்கிறேன். அப்படியும் அவளுக்குக் கொடுக்க எனக்கு வேறு என்ன இருக்கிறது என்றும் அதே மூச்சில் தோன்றியது.

வெயில் சாய்ந்தபோது என் கணவர் படியேறி வந்தார். கோவில்பட்டியிலிருந்து வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தாரோ, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. பிள்ளை என் மடியில் இருப்பதைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கினார். நான் நடந்ததையெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னேன்: அத்தை, உளி, பெற்றவள் குரல், சீனிக்கிழங்கு. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தலைக்கவசத்தைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டு, அவள் முன்னால் குத்தவைத்து, கைக்குட்டையை நனைத்து முட்டியைத் துடைத்துவிட்டார். பிறகு அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, ரொம்பவும் அன்பாகச் சொன்னார்:

"இனிமே அம்மா கதை சொன்னா, கேட்டுட்டு அங்கனயே விட்டுறணும், என்ன?"

யாழினி என்னைப் பார்க்காமலே, "சரிப்பா" என்றாள்.